கடையில சாதி பாத்து ஒதுக்கினா கேஸ் போடுறப்ப நாம பண்ணுற தப்புங்க

போன வருசம் எங்க சித்தப்பா மகனுக்கு காரைக்குடி பக்கத்துல ஒரு ஊர் சலூன்ல முடி வெட்ட மாட்டேன்னுட்டாங்க. சேர் காலியாத்தான் இருந்துச்சு, "உங்க தெரு ஆளுங்களுக்கு இங்க வெட்டுறதில்ல, டவுனுக்குப் போங்க"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்காங்க. பதிமூணு வயசுப் புள்ள, ரெண்டு நாள் சரியா சாப்பிடல. கேஸ் போட்டோம், ஆனா போட்ட விதத்துல அவ்வளவு தப்பு பண்ணோம், அதத்தான் எழுதுறேன்.

மொதத் தப்பு, ஊர்ல பேசித் தீத்துக்கலாம்னு பத்து நாள் உக்காந்திருந்தது. அந்தப் பத்து நாளைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் பிடிச்சுக்குவாரு, யோசிச்சு ஜோடிச்ச புகார்னு. அன்னைக்கே போங்க. கோவத்துல கடை கண்ணாடியில மட்டும் கை வச்சிராதீங்க, நம்ம மேல எதிர் கேஸ் விழுந்துரும், அப்புறம் ரெண்டையும் சேத்து சமாதானம்னு முடிச்சு விட்டுருவாங்க.

ரொம்பப் பேரு சறுக்குறது புகார் எழுதுற எடத்துலதான். "சாதி சொல்லித் திட்டினாங்க"ன்னு ஒத்த வரி எழுதுனா நிக்காது. என்ன வார்த்தை, எத்தனை மணி, யார் யார் நின்னாங்க, அதே நேரம் வேற யாருக்கு வெட்டுனாங்க, டீக்கடைன்னா யாருக்கு கிளாஸ் யாருக்கு பேப்பர் கப்பு, எல்லாம் வேணும். திட்டுன கேஸ்ல பொதுப் பார்வையில நடந்துச்சான்னு கோர்ட் பாக்கும், நாலு சுவத்துக்குள்ள யாரும் பாக்காம நடந்தா அந்தப் பிரிவு நிக்காதுன்னு 2020ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. அதனால சொந்தக்காரங்க இல்லாத சாட்சி ஒருத்தராச்சும் தேடுங்க.

எல்லாரும் பொதுவா பிசிஆர் கேஸ்னு சொல்லிருவோம், ஆனா சட்டம் ரெண்டு இருக்கு. பிசிஆர்ங்கிறது 1955 குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், அதுல கடையில சேவை மறுத்தா ஒரு மாசத்துல இருந்து ஆறு மாசம் வரைக்கும்தான் ஜெயில். ஆனா பாதிக்கப்பட்டவர் எஸ்சின்னா, தீண்டாமையாலதான் பண்ணாங்கன்னு கோர்ட் எடுத்துக்கணும், இல்லேன்னு காட்ட வேண்டியது அவங்க பொறுப்பு. 1989 வன்கொடுமைச் சட்டத்துல ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வருசம், முன்ஜாமீனும் கிடையாது. எஃப்ஐஆர்ல எந்தச் சட்டம் போட்டிருக்காங்கன்னு பாக்காம வந்துராதீங்க, நாங்க பாக்கல.

இன்னொன்னு, நம்ம பக்கம் கிறிஸ்தவங்களா மாறுன குடும்பங்க நிறைய. ஊர்ல ஒதுக்குறது அப்படியேதான் இருக்கும், ஆனா மதம் மாறிட்டா சட்டப்படி எஸ்சி இல்லேன்னு ஆயிரும், வன்கொடுமைச் சட்டம் நிக்காது. எனக்கு இது அநியாயமாத்தான் படுது, ஆனாலும் புகார் குடுக்குறதுக்கு முன்னாடியே வக்கீல்கிட்ட சாதிச் சான்றிதழைக் காட்டிப் பேசிருங்க, பாதியில கேஸ் விழுறது அதைவிடக் கொடுமை.

ஸ்டேஷன்ல புகாரை வாங்கிக்கிட்டோம்னு சிஎஸ்ஆர் ரசீது மட்டும் குடுத்து அனுப்புனா அது எஃப்ஐஆர் இல்ல. விசாரிச்சுட்டுத்தான் போடுவோம்னு சொன்னா அதுவும் செல்லாது, முதல்கட்ட விசாரணை தேவையில்லேன்னு 2018லயே வன்கொடுமைச் சட்டத்துல சேத்துட்டாங்க. போடலேன்னா எஸ்பிக்கு ரிஜிஸ்டர் தபால், அதுக்கும் அசையலேன்னா கோர்ட்டு. 14566க்கு போன் பண்ணியும் புகார் சொல்லலாம், காசு கிடையாது. வெத்துப் பேப்பர்ல மட்டும் கையெழுத்துப் போடாதீங்க.

வீடியோ எடுத்திருந்தா வெட்டி ஒட்டி வாட்ஸப்ல சுத்த விட்டுட்டு போன்ல இருந்து அழிச்சிராதீங்க, அந்த ஒரிஜினல்தான் கோர்ட்டுக்கு வேணும்.

சிவகங்கையில இந்த கேஸுகளுக்குன்னே தனி கோர்ட்டு இருக்கு, 2018ல மூணு பேரை வெட்டிக் கொன்ன கச்சநத்தம் கேஸ்ல 27 பேருக்கு ஆயுள் தண்டனை குடுத்தது அங்கதான். ஆனா வாய்தாவுக்கு சாட்சி வரலேன்னா எந்த கோர்ட்டும் ஒன்னும் பண்ண முடியாது. எங்க சாட்சி ஒருத்தர் சித்தாள் வேலைக்குப் போறவரு, ஒரு நாள் கூலி போகுதேன்னு ரெண்டு வாய்தாவுக்கு வரல. சாட்சிக்கு பஸ் காசும் அன்னன்னைக்கு கூலியும் அரசாங்கம் குடுக்கணும்னு விதியே இருக்கு, அது எங்களுக்கு மூணாவது வாய்தாவுலதான் தெரிஞ்சது.