ஈறில் எலும்பு வைக்கும் ஆபரேஷனுக்குப் பிள்ளையைத் தயார்செய்வது எப்படி

என் சின்ன மகன் இடப்பக்கம் உதடும் அண்ணமும் பிளந்து பிறந்தவன். 5-ஆம் மாதம் உதட்டைத் தைத்தார்கள், 14-ஆம் மாதம் அண்ணத்தை. அதோடு முடிந்தது என்று ஏற்காடு ஏறி வந்துவிட்டோம். பையன் பேசுகிறான், சாப்பிடுகிறான், பள்ளிக்கூடம் போகிறான். பால் குடிக்கும்போது மட்டும் இடது மூக்கில் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும். துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம்.

அந்தச் சொட்டை நான் சும்மா விட்டிருக்கக் கூடாது. உதட்டையும் அண்ணத்தையும் மூடினாலும், இரண்டுக்கும் நடுவே பல் முளைக்கிற ஈறு வரப்பில் எலும்பே இல்லாத ஓர் இடைவெளி அப்படியே நிற்கும். மேல்தாடை இரண்டு துண்டாகத்தான் இருக்கும். வயலில் வரப்பு உடைந்த இடத்தில் தண்ணீர் ஓடிவிடுகிற மாதிரி, வாயில் ஊற்றியது மூக்குக்குப் போகும். அந்த இடத்தில் வரவேண்டிய பல்லுக்குப் பிடிமானம் கிடையாது. மூக்கின் அடியும் ஒரு பக்கம் இறங்கிக் கிடக்கும். அதில் எலும்பு வைத்து அடைப்பதுதான் இந்த ஆபரேஷன்.

முதலில் வயதுக் கணக்கு. கோரைப்பல் சாதாரணமாக 11, 12 வயதில் வெளியே வரும். அது இன்னும் எலும்புக்குள் இருக்கும்போதே, அதன் வேர் பாதியிலிருந்து முக்கால்வாசிக்குள் வளர்ந்திருக்கும்போது எலும்பு வைக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது 9 முதல் 11 வயதுக்குள் அமையும். வைத்த எலும்புக்குள்ளே அந்தப் பல் இறங்கி வந்தால், பல்லே எலும்பைத் தக்கவைத்துக்கொள்ளும். பல் வந்தபிறகு வைத்தால் பிடிப்பு குறைவு. ரொம்பச் சின்னக் குழந்தையிலேயே வைத்துப் பார்த்த காலமும் உண்டாம். மேல்தாடையின் வளர்ச்சி கெட்டுப்போனது. அப்புறம் 1972-இல் போயின், சாண்ட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் எழுதியதற்குப் பிறகுதான் கோரைப்பல்லைக் கணக்கில் வைத்து நாள் பார்க்கும் வழக்கம் நிலைத்தது என்று எங்கள் சர்ஜன் சொன்னார்.

எனக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லவில்லை. 8 வயதில் மலைக்குக் கீழே ஒரு பல் டாக்டரிடம் காட்டினேன். "18 வயசாகட்டும்மா, பல் கட்டிக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். ஒரு வருஷம் போச்சு. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவில் ஒரு டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஈறுக்கு எலும்பு வைத்தாச்சா?" என்று கேட்டதால் தப்பித்தோம். 18 வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளைப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பார்க்கிற குழு அது. மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் வருவது. உதடு, அண்ணப் பிளவு அவர்கள் பட்டியலிலேயே இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு 7 வயது ஆகிவிட்டால் பிளவு சிகிச்சை தெரிந்த குழுவிடம் ஒரு எக்ஸ்ரே எடுத்து, "கோரைப்பல் வேர் எவ்வளவு வந்திருக்கிறது?" என்று இதே வார்த்தையில் கேளுங்கள்.

செலவைப் பற்றி: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போய்க் காட்டுங்கள். பிளவுப் பிள்ளைகளுக்கு உதவும் ஸ்மைல் ட்ரெயின் என்ற தொண்டு நிறுவனத்தின் உதவி பெறும் மருத்துவமனைகளில் பிளவு ஆபரேஷன் இலவசம். ஆனால் கேட்கும்போது எலும்பு வைப்பதும் பல் கிளிப்பும் இதில் சேருமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டும் ஒரே பில் இல்லை.

ஆபரேஷனுக்கு ஆறேழு மாதம் முன்பே வேலை தொடங்கிவிடும். ஒடுங்கிக் கிடக்கிற மேல்தாடையை விரிக்க அண்ணத்தில் கம்பி வைப்பார்கள். என் மகனுக்கு நான்கு சுருள் கொண்ட கம்பி. மாதம் ஒருமுறை சேலம் போய் முடுக்கிவர வேண்டும். தாடை விரிய விரிய மூக்கில் ஒழுகுவது கூடும். பயப்படாதீர்கள், மூடியிருந்த ஓட்டை திறந்து தெரிகிறது, அவ்வளவுதான். பிளவின் ஓரத்தில் கோணலாக ஒரு உபரிப் பல் இருந்தது. அதையும் ஒரு பால்பல்லையும் இரண்டு மாதம் முன்னதாகவே பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கிய இடத்தில் ஈறு ஆறி முழுசாக இருந்தால்தான் சர்ஜன் அதை இழுத்து மூட முடியும். சொத்தையெல்லாம் முன்பே அடைத்துவிட வேண்டும். அழுக்கு வாயில் எலும்பு நிற்காது. ராத்திரி பல் துலக்காமல் தூங்கினால் எழுப்பித் துலக்க வைத்தேன். மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. "கிரகணத்துல நீ வயித்துப் பிள்ளையோட வெளியே வந்ததுக்கு இவன என்னத்துக்கு எழுப்புற" என்பார். கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று டாக்டர் அவரை உட்காரவைத்துச் சொன்ன பிறகும் பாதிதான் நம்பினார். ஆனால் பிரஷ்ஷை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். அது போதும்.

எங்களுக்கு முதலில் கொடுத்த தேதி தள்ளிப்போனது. டிசம்பர் மாதம், மலையில் பனி, பையனுக்குச் சளி. தேதி போய்விடுமே என்று மறைக்கத் தோன்றும். மறைக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது பிள்ளைக்கு அந்தச் சளிதான் ஆபத்து. தவிர, ஆபரேஷன் முடிந்து பையன் தும்மினால் முதல் அடி தையலுக்கு.

எலும்பை எங்கிருந்து எடுப்பார்கள் என்பதைப் பிள்ளைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வாயில் ஆபரேஷன் என்று சொல்லி, விழிக்கும்போது இடுப்பில் கட்டு இருந்தால் எந்தப் பிள்ளையும் மிரளும். இடுப்பின் முன்பக்கம் கைவைத்தால் தட்டுப்படுகிற எலும்பு மேட்டில் சின்னதாகக் கீறி, மேலே மூடியிருக்கும் குருத்தெலும்பைப் பெட்டி மூடி மாதிரித் திறந்து, உள்ளே இருக்கிற பஞ்சு போன்ற எலும்பைச் சுரண்டி எடுத்து, மூடியைப் பழையபடி வைத்துத் தைத்துவிடுவார்கள். இடுப்பு ஊனமாகாது. அந்தப் பஞ்செலும்பில் உயிருள்ள செல்கள் உண்டு. வைத்த இடத்தில் இரத்த ஓட்டம் ஏறி, மெல்ல அந்த இடத்தின் சொந்த எலும்பாகவே மாறிவிடும். அதனால்தான் பிளவுப் பிள்ளைகளுக்கு இன்னும் இடுப்பைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

அம்மாப்பேட்டையில் இருக்கும் எங்கள் மாமாவுக்கும், அக்கா வீட்டுக்காரர், அதே வருஷம் தாடையில் எலும்பு வைத்தார்கள். பல் விழுந்து பல வருஷமாகி எலும்பு கரைந்துபோனதால் இம்ப்ளான்ட், அதாவது செயற்கைப் பல்லுக்கான திருகு, திருக இடமில்லை. அவருக்கு இடுப்பைத் தொடவில்லை, குப்பியில் வரும் துகளை வைத்தார்கள். அந்தத் துகளில் மாட்டெலும்பிலிருந்து செய்வதும் உண்டு, செயற்கையாகச் செய்வதும் உண்டு. மாமா சுத்த சைவம். முன்பே கேட்டதால் செயற்கையானதை வைத்தார்கள். உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்தால் ஆபரேஷனுக்கு முன்னால் வாய் திறந்து கேளுங்கள். பீடி சிகரெட் பிடிக்கிறவருக்கு எலும்பு ஒட்டுவது சந்தேகம். மாமா விட்டாரா என்பதை அக்காதான் சொல்ல வேண்டும்.

சரி, ஆபரேஷனுக்குப் பிறகு. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நான் மலைக்கு ஏறவில்லை. 20 கொண்டை ஊசி வளைவு. இவன் ஐந்தாவது வளைவிலேயே வாந்தி எடுக்கிற ஆள். அந்த வாயோடு வாந்தி எடுத்தால் தையல் என்னாகும்? அக்கா வீட்டிலேயே இரண்டு வாரம் தங்கினோம். மலையிலோ தூரத்து ஊரிலோ இருப்பவர்கள் முடிந்தால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு, முதல் இரண்டு வாரம் எங்களுக்கு நீராகாரம்தான். உங்கள் டாக்டர் வேறு கணக்கு சொன்னால் அதைக் கேளுங்கள். இளநீர், மோர், வடிகட்டிய ராகிக் கூழ், பருப்புத் தண்ணீரில் சாதத்தை மிக்ஸியில் அடித்தது. எதுவும் சூடாக வேண்டாம். ஸ்ட்ரா கூடவே கூடாது, உறிஞ்சும்போது தையல் இழுபடும். டம்ளரில் ஊற்றிக் குடிக்கட்டும். அப்புறம் ஆறு வாரம் வரை குழைந்த சாதம், இட்லி. எங்கள் அக்கா வீட்டுத் தெருமுனையில் சாயங்காலம் தட்டுவடை செட் வண்டி நிற்கும். தட்டைக்கு நடுவே பீட்ரூட்டும் சட்னியும் வைத்து அவன் கண்ணெதிரே எல்லோரும் நொறுக்கினார்கள். அந்த இரண்டு வாரமும் சாயங்காலம் 5 மணிக்கு ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

மூக்குச் சிந்தக் கூடாது, துடைக்க மட்டும்தான். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே ஒரு வாரம் பழக்கினேன், உதவியது. பலூன், விசில், ஊதல் எதுவும் வேண்டாம். குளோர்ஹெக்சிடின் என்ற வாய் கழுவும் மருந்தால் மெதுவாக வாய் நனைக்க வேண்டும், காறிக் கொப்பளிக்கக் கூடாது. பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும், பிறகு பல் டாக்டர் சுத்தம் செய்தால் போய்விடும். இன்னொன்று: பார்க்க வருகிறவர்கள் "எங்க, உதட்டத் தூக்கிக் காட்டு சாமி" என்பார்கள். விடாதீர்கள். அப்படித் தூக்கினாலே ஈறுத் தையல் பிரியலாம். வாசலிலேயே சொல்லிவிட்டேன், இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள்.

வாயைவிட இடுப்புதான் வலித்தது. மறுநாளே நடக்க வைத்தார்கள், ஒரு வாரம் நொண்டினான். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். சைக்கிள், ஓட்டம் எல்லாம் எங்களுக்கு ஆறு வாரம் தள்ளி. சிலருக்குத் தொடையின் வெளிப்பக்கம் கொஞ்ச நாள் மரத்த மாதிரி இருக்கும், டாக்டரிடம் சொல்லி வையுங்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை. வாய் நனைத்துத் துப்பிய டம்ளரில், அடியில் வெள்ளை ரவை மாதிரி இரண்டு துகள். கையில் எடுத்து நசுக்கினேன், நசுங்கவில்லை. எலும்பு. எனக்குக் கால் நடுங்கியது, அவனிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. டம்ளரோடு ஆட்டோ பிடித்துப் போனோம். ஒரு தையல் ஓரத்தில் ஈறு விலகியிருந்தது. கழுவிவிட்டு மாத்திரை கொடுத்தார்கள், உட்காரவைத்து மறுபடி தைக்கவில்லை. இரண்டு துகள் வந்ததால் எல்லாம் போய்விட்டதாக அர்த்தமில்லை என்றார் டாக்டர். ஆனால் அன்றே போக வேண்டும். காய்ச்சல், சீழ், நாற்றம், நிற்காத ரத்தம் இவற்றுக்கும் அதே அவசரம்தான். வைத்ததில் கொஞ்சம் கரைவது எல்லோருக்கும் உண்டு. சிலருக்கு ரொம்பக் கரைந்து மறுபடி வைக்க வேண்டியும் வரும். ஆறாம் மாத எக்ஸ்ரேயில் எங்களுக்குக் கறுப்பு இடைவெளி இருந்த இடத்தில் சாம்பல் நிறமாய்ப் பாலம் போட்டிருந்தது. 11½ வயதில் கோரைப்பல் நுனி தெரிந்தது. இப்போது கிளிப் போட்டு இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு தையல்காரியின் சமாச்சாரம். எலாஸ்டிக் வைத்த கால்சட்டை நேராக அந்த இடுப்புக் காயத்தின் மேல்தான் உட்காரும். முதல் நாள் அதைப் போட்டுவிட்டு அவன் அழுதான். அக்காவின் மிஷினில் பழைய பருத்திச் சேலையில் நாடா வைத்து இரண்டு தைத்தேன். இடுப்புச் சுற்றளவோடு 4 அங்குலம் சேர்த்து வெட்டுங்கள், பட்டி தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே வரட்டும், முடிச்சைக் காயமில்லாத பக்கம் போடுங்கள், காயமுள்ள பக்கத்துத் தையலை உள்ளே மடித்து அடியுங்கள்.