‘மியூசிக் அப்புறம் பாத்துக்கலாம்ணா’: கிரைம் ட்ரைலர் எடுக்கும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு கல்லூரியில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றாம் ஆண்டு மாணவர்களின் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். 7 குழு. ஏழும் கிரைம் த்ரில்லர் ட்ரைலர், 90 விநாடிக்குள். ஒரு குழுவாவது காமெடி எடுக்கக் கூடாதா என்று கேட்டேன். “கிரைம்னா செலவு கம்மிண்ணா, இருட்டுல எடுத்தாப் போதும்” என்றான் ஒருவன். இருட்டு போலத் தெரியவைக்கத்தான் லைட் வாடகை அதிகம் என்பது அவனுக்கு இனிமேல்தான் தெரியவரும்.

இன்னும் யாரும் ஷூட்டிங் போகவில்லை, ஃபைல் மட்டும்தான் தயார். ஒவ்வொரு ஃபைலாகப் புரட்டப் புரட்ட, பல வருஷத்துக்கு முன்னால் நாங்கள் செய்த அதே கூத்து வரிசையாக வந்தது. பேட்டரியை சார்ஜ் போடு, மெமரி கார்டு இரண்டாக எடுத்துப் போ போன்ற புத்திமதிகளை இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் ஒரு தடவை பட்டால் தானாக வந்துவிடும். திட்டம் போடும்போதே உள்ளே புகுந்து, எடிட்டிங் மேசையில் வந்து கழுத்தைப் பிடிக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ரசிகனாக உட்கார்ந்து ட்ரைலர் பார்ப்பது

ரிசர்ச் என்ற தலைப்பில் எல்லா ஃபைலிலும் பத்துப் பன்னிரண்டு ட்ரைலர்களின் பெயர் இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் ‘விறுவிறுப்பாக உள்ளது’, ‘பிஜிஎம் அருமை’ என்று இரண்டு வரி. யூடியூப் கமெண்டில் போடவேண்டியதை ஏ4 தாளில் அடித்து ஸ்பைரல் போட்டிருக்கிறார்கள்.

மூன்று ட்ரைலர் போதும். முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், படம் மாறும்போதெல்லாம் தாளில் ஒரு கோடு போடுங்கள். இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மூன்றாம் தடவை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, முதல் மனிதக் குரல் எத்தனையாவது விநாடியில் வருகிறது, இசை எங்கே சட்டென்று நிற்கிறது, டைட்டில் எப்போது விழுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் முதன்முதலில் இப்படி எண்ணிய இரண்டு நிமிட ட்ரைலரில் நூறை ஒட்டிக் கோடுகள் வந்தன. அதில் முதல் அரை நிமிடத்துக்குப் பத்துகூட இல்லை. மீதியெல்லாம் பின்னால்தான் குவிந்து கிடந்தது.

இந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரு குழுவின் ஷாட் பட்டியலில் மொத்தம் 18 ஷாட். 90 விநாடியை 18 ஆல் வகுத்தால் ஷாட்டுக்கு 5 விநாடி. 5 விநாடி ஷாட்டாக அடுக்கினால் வருவது குறும்படத்தின் ஒரு துண்டு, ட்ரைலர் இல்லை. பூட்டைத் திறக்கும் விரல், சிங்க்கில் சுழலும் தண்ணீர், பாதி எரிந்த ரேஷன் கார்டு என்று ஒரு விநாடிக்கும் குறைவாக வந்துபோகும் சில்லறை ஷாட்டுகளை யாருமே எழுதியிருக்கவில்லை. எடிட்டரின் கையில் அந்தச் சில்லறைதான் இருக்கவேண்டும்.

302-லேயே நிற்கும் போலீஸ்

ஒரு ஸ்கிரிப்டில் இன்ஸ்பெக்டர் மேசையைத் தட்டி “இது 302 கேஸ்” என்கிறார். கதை நடப்பது 2025-இல். 2024 ஜூலை 1 முதல் நடக்கும் கொலைக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவு. அதற்கு முன்னால் நடந்த குற்றம் என்றால்தான் பழைய ஐபிசி. சந்தேக மரணம் என்றால் வாயில் வரும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-உம் இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ்ஸில் 194. உங்கள் கதையை 2019-இல் வைத்தால் 302 தாராளமாக இருக்கட்டும், ஆனால் அப்போது கையிலிருக்கும் போன் மாடலும் அந்தக் காலத்தியதாக இருக்கவேண்டும்.

இன்னொரு குழுவின் கதையில் கல்யாணமாகி எட்டே மாதமான பெண் தூக்கில் கிடக்கிறாள். ஒரு எஸ்.ஐ. வந்து பார்த்துவிட்டு தற்கொலை என்று ஃபைலை மூடுகிறார். கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் ஒரு பெண் இப்படி இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை உண்டு என்று எந்தத் தமிழ் நாளிதழைப் புரட்டினாலும் தெரியும். இதில் தப்பைத் திருத்துவது மட்டும் விஷயமில்லை. போலீஸுக்கு வெளியே இன்னொரு அதிகாரி, இன்னொரு மேசை, பெண்ணின் அப்பா தனியாக உட்கார்ந்து வாக்குமூலம் கொடுக்கும் ஒரு அறை என்று கதைக்கு எவ்வளவு கிடைக்கிறது பாருங்கள். ரிசர்ச் செய்திருந்தால் சும்மா வந்திருக்கும்.

நிஜ வழக்கை எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே தனிக் குற்றம். ‘பெயரை ஒரு எழுத்து மாத்திட்டோம்ணா’ என்பது அடையாளத்தை மறைப்பது ஆகாது.

மியூசிக் அப்புறம்

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் பேசவேண்டும்.

ஏழு குழுவிடமும் “சவுண்டுக்கு என்ன திட்டம்?” என்று கேட்டேன். ஆறு குழுவின் பதில் ஒன்றுதான்: “மியூசிக் அப்புறம் பாத்துக்கலாம்ணா.” எனக்கு ஏன் முகம் சிவந்தது என்று அந்தப் பசங்களுக்குப் புரிந்திருக்காது. அந்த ‘அப்புற’த்தை நான் 21,000 ரூபாய் கொடுத்து வாங்கியவன்.

எங்கள் இறுதியாண்டில் ஆறு பேர் சேர்ந்து தலைக்கு 3,500 போட்டோம். இழுத்து மூடும் கம்பிக் கதவு வைத்த பழைய லிஃப்ட் உள்ள ஒரு லாட்ஜில் இரண்டு ராத்திரி ஷூட்டிங். கேமராவும் லென்ஸும் வாடகை. ஒருவனுக்கும் சவுண்டு ஞாபகமே இல்லை. எடிட்டில் உட்கார்ந்ததும் ஒரு வெளிநாட்டுப் படத்தின் பின்னணி இசையை டவுன்லோடு செய்து டைம்லைனில் போட்டோம். டெம்ப் ட்ராக், தற்காலிகம்தான், அப்புறம் மாற்றிவிடலாம். பத்து நாள் அந்த இசையின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஷாட்டை வெட்டி வெட்டிப் பொருத்தினோம். டம் என்றால் கத்தி, டம் என்றால் கண், டம் என்றால் லிஃப்ட் கதவு. ஹாஸ்டல் முழுக்கக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினோம். கைதட்டினார்கள். எங்கள் எடிட்டிங்குக்கு என்று நினைத்துக்கொண்டோம்.

கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது பேராசிரியர் ஒரே கேள்வி கேட்டார்: “இது யாரோட மியூசிக்?” இசை சொந்தமாக இருக்கவேண்டும், அல்லது உரிமம் பெற்றதாக இருக்கவேண்டும் என்று ப்ராஜெக்ட் சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் போட்டிருந்தது. நாங்கள் மார்க் விவரம் இருந்த முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தோம்.

இசையை எடுத்தோம். அப்புறம்தான் தெரிந்தது, கீழே எதுவுமே இல்லை. லிஃப்ட் கதவின் கிறீச்சுக்காகவே அந்த லாட்ஜைப் பிடித்தோம். அந்தக் கிறீச்சை ஒருவனும் தனியாகப் பதிவு செய்யவில்லை. கேமரா மைக்கில் இருந்தது முழுக்க ஃபேன் இரைச்சல், நடுவில் ஒருவன் “டேய் பிரியாணி வந்துடுச்சு” என்பது. வேறு இசையைப் போட்டுப் பார்த்தால் அதன் வேகம் வேறு. தவில்காரர் ஒரு தாளத்திலும் நாதஸ்வரக்காரர் இன்னொரு தாளத்திலும் போனதுபோல வெட்டெல்லாம் இடம் தப்பி விழுந்தது. அமைதியாக ஒரு முகத்தைப் பிடித்து நிறுத்தலாம் என்றால், அடிக்கு அடி வெட்டவேண்டும் என்றே எடுத்ததில் மூன்று விநாடி நிலையாக நிற்கும் முகம் ஒன்றுகூட இல்லை. திரும்ப எடுக்கலாம் என்று ஹீரோவுக்கு போன் அடித்தால், அவன் திருப்பதியில் மொட்டை போட்டுவிட்டு லட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

கடைசியில் காப்பாற்றியது ஒரு கிரைண்டர். நண்பன் வீட்டில் மாவாட்டும் சத்தத்தை போனில் பதிந்து, வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்தோம். வயிற்றைப் பிசையும் ஓர் உறுமல் வந்தது. அதை அடியில் ஓடவிட்டு எப்படியோ ஒப்பேற்றினோம். பாஸ் மார்க். அந்தக் கிரைண்டரை ஷூட்டிங்குக்கு முன்னால் கேட்டிருந்தால், அதற்கு ஏற்ற மாதிரி லாட்ஜில் மெதுவான ஷாட்டுகளாக எடுத்திருப்போம். அது வேறு ட்ரைலராக இருந்திருக்கும். இன்றைக்கும் வயிறு எரிகிறது.

முழுப் படத்தில் ஒரு காட்சி தன் காலில் நிற்கும், இசை பக்கத்தில் துணைக்கு வரும். ட்ரைலரில் அப்படி இல்லை. காலை நேரத்து சமையலறை, அடுத்து ராத்திரி ஹைவே, அடுத்து மார்ச்சுவரி என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத துண்டுகள். அவற்றைக் கோக்கும் நூல் சத்தம் மட்டும்தான். நூல் இல்லாமல் பூ வாங்கி வந்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம்.

அதனால் தாளில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதலில் விநாடி, அடுத்தது காதில் விழுவது, மூன்றாவது கண்ணில் படுவது. மூன்றாவதைக் கடைசியாகத்தான் நிரப்பவேண்டும். முதல் 8 விநாடி ஃபேன் கிறீச்சிடும் சத்தம், மேலே யாரோ சாவிக்கொத்தைத் தடவுவது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு பெண் குரல், போனில்: “இல்லையே, அவர் நேத்தே கிளம்பிட்டாரே.” அடுத்த ஒரு விநாடி ஃபேனும் நிற்கிறது. இப்படி 90 வரைக்கும். “அன்னைக்கு நைட் நீ எங்க இருந்த?” என்ற வரி மட்டும் வேண்டாம், ஏழு குழுவில் ஐந்து குழு அதை வைத்திருந்தது. வசனங்களை, ஜன்னல் ஏற்றி இன்ஜின் அணைத்த காருக்குள் உட்கார்ந்து போனிலேயே பதியலாம். ஓசி ஸ்டூடியோ. எல்லாவற்றையும் அடுக்கி, படமே இல்லாமல் பக்கத்து ரூம் பையனுக்குக் கண்ணை மூடச் சொல்லிப் போட்டுக் காட்டுங்கள். அவன் நடுவில் போனை எடுத்தால் கேமரா வாடகைக்குப் போகாதீர்கள்.

உரிமை விஷயத்தில் உலவும் பெரிய கட்டுக்கதை ‘10 செகண்டுக்குள்ள போட்டா காப்பிரைட் வராது’ என்பது. அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. ஒரு பாட்டில் மெட்டுக்கும் வரிக்கும் ஓர் உரிமை, பதிவுக்குத் தனி உரிமை. நீங்களே கீபோர்டில் வாசித்தாலும் மெட்டு உங்களுடையதாகிவிடாது. கிரியேட்டிவ் காமன்ஸ் இசை என்றால் எந்த வகை என்று பாருங்கள். ‘மாற்றக் கூடாது’ என்ற நிபந்தனை உள்ளதை வீடியோவுக்கு அடியில் போடவே முடியாது, ஓடும் படத்தோடு இசையைச் சேர்ப்பதையே அந்த உரிமம் மாற்றம் என்றுதான் கணக்கெடுக்கிறது. யூடியூபின் ஆடியோ லைப்ரரி இருக்கிறது, ஃப்ரீசவுண்ட் இணையதளத்தில் சின்னச் சின்ன சத்தங்கள் கிடைக்கும். கிரைண்டர் வீட்டிலேயே இருக்கிறது.

கொலைகாரனின் முகம்

காட்டாதீர்கள். நிழலாகக் காட்டி, அடுத்த ஷாட்டில் அதே சட்டையோடு காட்டுவதும் காட்டுவதுதான்.

டியூப்லைட் வரிகள்

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் விளக்கு விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்தால் தொல்லை இல்லை. 1/60-இல் விட்டால் போலீஸ் ஸ்டேஷன் சுவரில் பட்டை பட்டையாக வரி நகரும். போனை ஆட்டோவில் விட்டால் அது இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும், அதனால் ப்ரோ மோடில் பூட்டிவிடுங்கள். ஃப்ரேம் ரேட்டை விநாடிக்கு 25-இல் வைத்தால் கணக்கு சுலபம். லொகேஷன் பார்க்கப் போகும்போதே விளக்கைப் போட்டு அரை நிமிடம் எடுத்துப் பாருங்கள். மலிவு எல்ஈடி பல்புகளில் சில எந்த ஷட்டருக்கும் அடங்காது, அவற்றைக் கழற்றிவிட்டு உங்கள் பல்பை மாட்டவேண்டியதுதான்.

ரத்தம்

வெறும் கேசரி பவுடர் ஆரஞ்சாகத் தெரியும். சர்க்கரைப் பாகில் சிவப்புக் கலர், இரண்டு சொட்டு காபி டிகாக்‌ஷன். எறும்பு வரும்.

ஸ்டோரிபோர்டை ஓவியப் போட்டியாக்குவது

ஷாட்டுகளை வரிசையாக வரைந்து வைக்கத்தானே, குச்சி மனிதன் போதும்.

யூனிஃபார்ம்

காஸ்ட்யூம் கடையில் போலீஸ் உடை வாடகைக்குக் கொடுப்பார்கள். தோள்பட்டையில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் கவலை இல்லை, நமக்கும் கவலை இல்லை. எஸ்.ஐ.க்கு இரண்டு நட்சத்திரம், இன்ஸ்பெக்டருக்கு மூன்று, இருவருக்கும் கீழே சிவப்பு நீல ரிப்பன் உண்டு. ரிப்பன் இல்லாமல் மூன்று நட்சத்திரம் என்றால் டி.எஸ்.பி., சென்னை சிட்டிக்குள் என்றால் அசிஸ்டென்ட் கமிஷனர். மதுரை ரூரலில் ஏ.சி.யும் சென்னை சிட்டி ஸ்டேஷனில் டி.எஸ்.பி.யும் நடமாடும் ஸ்கிரிப்டுகள் இந்த வருஷமும் இருந்தன.

போலீஸ் என்று நம்பவைக்கும் எண்ணத்தில் அந்த உடையைப் போட்டுக்கொண்டு நடமாடுவது குற்றம். நடிக்கத்தானே போட்டோம் என்று நாம் சொல்லலாம், கேமரா எங்கே என்று கேட்பார்கள். ஷூட்டிங் முடிந்த அடுத்த நிமிஷம் கழற்றி மடித்துப் பையில் வையுங்கள். கல்லூரிக் கடிதமும் போலீஸ் அனுமதியும் கையில் இருக்கட்டும்.

எங்கள் லாட்ஜ் ஷூட்டிங்கின் இரண்டாம் ராத்திரி, எஸ்.ஐ. வேஷம் போட்ட நண்பன் அதே உடையோடு தெருமுனைக்கு டீ குடிக்கப் போனான். மாஸ்டர் ஸ்பெஷலாக ஒரு டீ போட்டுக் கொடுத்து, காசு வேண்டாம் சார் என்றிருக்கிறார். இவனும் கெத்தாகத் தலையை ஆட்டியிருக்கிறான். அந்த நேரம் பார்த்து ரோந்து ஜீப் வந்து நின்றது. இறங்கிய நிஜ எஸ்.ஐ. இவன் தோளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு ரொம்பப் பணிவாக, “ரிப்பன் இல்லாம மூணு ஸ்டார். ஏ.சி. சார், சல்யூட் இங்கயே அடிக்கட்டுமா, ஸ்டேஷன்ல வந்து அடிக்கட்டுமா?” என்றார்.

ஐ.டி. கார்டு, கல்லூரிக் கடிதம், அப்பாவின் போன் நம்பர் எல்லாம் கொடுத்து அவனை மீட்டு வர ஒன்றரை மணி ஆனது. டீ மாஸ்டர் மறுநாள் அவனைக் கூப்பிட்டு, முந்தின நாள் டீக்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டார்.