கலந்து கொடுத்த மருந்தை வாங்கும்போது கேட்க வேண்டியவை

கம்பெனியிலிருந்து வரும் மருந்தின் அட்டையில் பெயர், அளவு, பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் அச்சாகியிருக்கும். மாத்திரையைப் பொடித்துக் கட்டிய பொட்டலம், இரண்டு மூன்று ட்யூபைப் பிதுக்கி டப்பாவில் அடைத்த களிம்பு, மருத்துவமனையிலேயே தயாரித்த கண் சொட்டு மருந்து, இதிலெல்லாம் யாராவது எழுதினால்தான் விவரம் இருக்கும். அதனால் எழுதி வாங்குங்கள்: என்னென்ன மருந்து, ஒவ்வொன்றும் எவ்வளவு, என்றைக்குக் கலந்தது, எந்தத் தேதி வரை வைக்கலாம், ஃப்ரிட்ஜா வெளியிலா. கலப்பதற்காகப் பிரித்துவிட்ட மருந்துக்கு அதன் பழைய அட்டையில் இருந்த காலாவதித் தேதி செல்லாது.

அதற்கும் முன்னால் டாக்டரிடம் ஒரு கேள்வி: இது ரெடிமேடாகக் கிடைக்காதா? கிடைத்தால் அதையே வாங்குங்கள். தேவையான அளவில் மருந்து விற்பனையில் இல்லை, விழுங்க முடியவில்லை, அதிலுள்ள ஏதோ ஒன்று அலர்ஜி, இப்படிக் காரணம் இருந்தால்தான் கலக்கச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

குழந்தைகள் விஷயத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். இதயக் கோளாறுள்ள கைக்குழந்தைக்கு ஸ்பைரோனோலாக்டோன் 5 மி.கி. கொடுக்கச் சொல்கிறார்கள், கையில் இருப்பதோ 25 மி.கி. மாத்திரை என்று வையுங்கள். அதைப் பொடித்து 5 மி.லி. ஆக்கினால் 1 மி.லி.யில் 5 மி.கி. இருக்கும். அடுத்த மாதம் வேறு ஃபார்மசியில் 1 மி.லி.க்கு 10 மி.கி. என்று தயாரித்துக் கொடுத்து, நீங்கள் பழக்கத்தில் அதே 1 மி.லி. ஊற்றினால் குழந்தைக்கு இரண்டு மடங்கு மருந்து போய்விடும். அதனால் "ஒரு மில்லி" என்று மட்டும் மனதில் வைக்காமல் எத்தனை மி.கி. என்பதையும் டாக்டரிடம் எழுதி வாங்கி, புது பாட்டில் வரும்போதெல்லாம் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தப் பொடி தண்ணீரில் சரியாகக் கரையாது, அடியில் தங்கிவிடும், நன்றாகக் குலுக்கிய உடனே ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டவே வேண்டாம். வீட்டில் கலந்தது என்றால் மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள்.

பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர்., சி.ஆர். என்று இருக்கும் மாத்திரைகளையும், வயிற்றைத் தாண்டிக் குடலில் கரைவதற்காகப் பூச்சு போட்டவற்றையும் கேட்காமல் பொடிக்கக் கூடாது. மணிக்கணக்கில் மெதுவாக இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும்.

அப்புறம் களிம்பு. "இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா, எது, எத்தனை நாள்?" என்று நேராகவே கேளுங்கள். குளோபெட்டசால் போன்ற வீரியமானதை மாய்ஸ்சரைசரில் கலந்துவிட்டால் வீரியம் குறைந்துவிடும் என்று நம்ப முடியாது. முகத்தில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், படர்தாமரையில் தடவினால் நமைச்சல் அடங்கின மாதிரி இருக்கும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். தோலின் கருமையைக் குறைக்கத் தரும் ஹைட்ரோகுவினோன் சேர்த்த களிம்பு பழுப்பாக மாறியிருந்தால் தூக்கிப் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று அவருடைய டப்பாவை வாங்கித் தடவாதீர்கள்.

கண்ணில் விடுவதும் ஊசியாகப் போடுவதும் தனி ரகம், அதில் கிருமி இருந்தால் தடுக்க ஒன்றுமில்லை. 2012இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு ஃபார்மசி கலந்து அனுப்பிய ஸ்டீராய்டு ஊசி மருந்தில் பூஞ்சை இருந்து, 750 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், 60 பேருக்கு மேல் இறந்தார்கள். வயலில் நெல்லோ தூசியோ பட்டு கருவிழியில் புண் வந்தவர்களுக்குக் கண் மருத்துவமனைகளில் வீரியம் கூட்டிய சொட்டு மருந்து தயாரித்துத் தருவார்கள், அது தேவையானதுதான். ஆனால் அவர்கள் சொன்ன நாளுக்கு மேல் ஒரு சொட்டுகூட விடாதீர்கள், பாட்டிலின் நுனி இமையில் படவும் கூடாது.

கடையில் யார் கலக்கிறார்கள் என்றும் பாருங்கள். 1948ஆம் ஆண்டு ஃபார்மசி சட்டப்படி டாக்டர் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுக்க வேண்டியவர் பதிவு பெற்ற ஃபார்மசிஸ்ட், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பையன் அல்ல.

நிறமோ வாசனையோ மாறினாலும், குலுக்கியும் கட்டி உடையாவிட்டாலும், உடம்பில் தடிப்பு, வாந்தி, மயக்கம் என்று எது வந்தாலும் நிறுத்திவிட்டு, மிச்ச மருந்தோடும் சீட்டோடும் உடனே டாக்டரிடம் போங்கள். பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது, நோயாளிகளே நேரடியாக அழைக்கலாம்.