காலநிலை அறிவியல்: முதல் இணையப் பாடத்தை மொரிசியஸிலிருந்து படித்து முடிக்க

காலநிலை அறிவியலுக்கான அறிமுகப் பாடம் எதை எடுத்தாலும் முதல் வாரம் படம் காட்டியே போய்விடும். பனிப்பாறை உருகும், ஆறு கரை உடைக்கும். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் சூரியனிடமிருந்து வரும் ஆற்றலையும் பூமியிலிருந்து வெளியேறும் ஆற்றலையும் கணக்குப் போடச் சொல்வார்கள். மனம் தளர்வது அங்கேதான். ஆனால் பாடத்தின் உயிர் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அதைத் தாளும் பேனாவும் வைத்துக் கையால் போட்டவருக்கு மீதி வாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புரியும். காணொளி மட்டும் பார்த்தவருக்குப் பன்னிரண்டு வாரம் கழித்தும் அது செய்தித் தொகுப்பாகவே நிற்கும்.

இன்னொரு தடையும் உண்டு. இந்தப் பாடங்களில் பெரும்பாலானவை வட அரைக்கோளக் கண்டங்களில் இருப்பவர்களை நினைத்து எழுதப்பட்டவை. நிலநடுக்கோட்டுக்கு 20 பாகை தெற்கே ஒரு தீவில் உட்கார்ந்து படிக்கும் நாம் பல இடங்களில் படத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

எந்தப் பாடம்?

முதலில் எதற்காகப் படிக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அறிவுக்காக மட்டும் என்றால் பணம் கட்ட அவசியமே இல்லை. யேல் பல்கலைக்கழகம் வளிமண்டலம், கடல், சூழல் மாற்றம் பற்றிய தன் அறிமுக வகுப்பு முழுவதையும் இலவசக் காணொளியாக வைத்திருக்கிறது; கணிதம் குறைவு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வானிலையியல் 469-ஆம் பாடத்தின் பாடநூல் இணையத்தில் திறந்தே கிடக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஆர்ச்சர் நடத்திய புவி வெப்பமாதல் பாடத்துக்குப் பள்ளி அளவு இயற்கணிதம் போதும். கணக்குப் பழக அதுதான் சிறந்தது என்பது எங்கள் முடிவு. எம்.ஐ.டி.யின் 12.340 பாடம் வேறு ரகம். வகை நுண்கணிதமும் இயற்பியலும் கைவசம் இல்லாமல் அதில் இறங்கினால் மூச்சுத் திணறும். பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி.யில் கணிதமும் இயற்பியலும் முதன்மைப் பாடமாக எடுத்தவர்கள் முயலலாம்.

சான்றிதழும், பட்டப்படிப்பில் கணக்கில் சேரும் கல்லூரி மதிப்பெண் அலகும் (கிரெடிட்) ஒன்றல்ல. பாடத்தை முடித்ததும் இணையத்தளம் அனுப்பும் பி.டி.எஃப். சான்றிதழை ரெதுயியில் உள்ள மொரிசியஸ் பல்கலைக்கழகமோ வேறெந்தப் பல்கலைக்கழகமோ அலகாக ஏற்கும் என்று எண்ணிப் பணம் கட்டிவிடாதீர்கள். அலகு வேண்டுமென்றால் சேரப்போகும் துறையிடம் பாடத்திட்டத்தை அனுப்பி, ஏற்போம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு கட்டுங்கள். இலவசமாகப் பார்க்கும் வழியில் சேர்ந்தால் மதிப்பிடப்படும் தேர்வுகள் பூட்டியிருக்கலாம், சில வாரங்களில் பாடமே மூடிவிடலாம். சேரும் அன்றே அந்த விதியைப் படியுங்கள். கட்டண உதவிக்கு விண்ணப்பித்தால் பதிலுக்கு இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள்.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் பெயர்கள் பலவும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் பதிவானவை. வீட்டில் முத்து, பதிவில் மூத்தூ. அடையாள அட்டையில் உள்ள எழுத்து எழுத்தாகவே கணக்கைத் தொடங்குங்கள். கண்காணிப்புத் தேர்வின்போது அட்டையைக் காட்டச் சொல்வார்கள். ஓரெழுத்து பிசகினாலும் சிக்கல்.

எப்போது தொடங்குவது?

மே இறுதியில். நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை நமக்குச் சூறாவளிப் பருவம். மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை வந்தால் எல்லாம் மூடிவிடும், மின்சாரமும் போகலாம். பாடத்தின் கெடு மட்டும் நகராது. அதற்குள்தான் ஆண்டிறுதி விடுமுறையும் தைப்பூசக் காவடி விரதமும் வருகின்றன. மே இறுதியில் தொடங்கினால் பன்னிரண்டு வாரப் பாடமும் ஆகஸ்டுக்குள் முடிந்துவிடும். பருவத்தின் நடுவில் படித்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு வாரக் காணொளியை எப்போதும் கைபேசியில் இறக்கி வைத்திருங்கள்.

கெடு நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றிச் சுவரில் ஒட்டுங்கள். ஞாயிறு 23:59 யூ.டி.சி. (உலகப் பொது நேரம்) என்றால் நமக்குத் திங்கள் விடியல் 3:59. அதுவே அமெரிக்கக் கிழக்குக் கரை நேரமாக இருந்தால் அவர்களின் கோடையில் நமக்குத் திங்கள் காலை 7:59, அவர்களின் குளிர்காலத்தில் 8:59. அங்கே ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுவார்கள், இங்கே மாற்றுவதில்லை. நேரலை வகுப்பைத் தவறவிடச் செய்வது இந்த ஒரு மணி நேரம்தான்.

வாரத்துக்கு நான்கு மணி என்று பாடம் சொன்னால் ஆறு ஒதுக்குங்கள். அதில் பாதி கணக்குக்கு.

அந்தக் கணக்கு

சூரியனிடமிருந்து பூமியின் தூரத்தில் சதுர மீட்டருக்கு 1,361 வாட் வந்து சேருகிறது. மேகமும் பனியும் மணலும் அதில் 30 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன, 0.7 பங்கு தங்குகிறது. பூமி வெயிலைத் தட்டையான வட்டமாக வாங்குகிறது, ஆனால் உருண்டையின் முழுப் பரப்பிலிருந்தும் வெப்பத்தை வெளியே விடுகிறது. உருண்டையின் பரப்பு வட்டத்தைப் போல நான்கு மடங்கு. எனவே 1,361 × 0.7 ÷ 4 = 238 வாட். இதை ஸ்டீபன்–போல்ட்ஸ்மன் மாறிலியால், அதாவது 5.67-ஐப் பத்தின் எட்டடுக்கால் வகுத்துவரும் எண்ணால், வகுத்து நான்காம் மூலம் எடுக்க வேண்டும். நான்காம் மூலத்துக்குத் தனிப் பொத்தான் தேட வேண்டாம், வர்க்கமூலத்தை இருமுறை அழுத்துங்கள். விடை 254.6 கெல்வின், ஏறக்குறைய −18 பாகை செல்சியஸ். உண்மையில் தரையின் சராசரி 15 பாகை அளவில் இருக்கிறது. இடையில் உள்ள 33 பாகைதான் பசுமைக்குடில் விளைவு, அதாவது வளிமண்டலம் வெப்பத்தைப் பிடித்துவைப்பதன் பலன்.

விடை பிசகினால் பிசகிய எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும். 360 வந்தால் நான்கால் வகுக்க மறந்தீர்கள். 278 வந்தால் திருப்பி அனுப்பும் 30 சதவீதத்தை விட்டுவிட்டீர்கள். தலைகீழாக, வெப்பநிலையிலிருந்து ஆற்றலைக் கணக்கிடும்போது கெல்வினுக்குப் பதில் செல்சியஸை இட்டால் வரும் எண் அபத்தமாகச் சிறியதாக இருக்கும்.

அடுத்து வளிமண்டலத்தை ஒரே கண்ணாடித் தகடாக வைத்துக் கணக்கிடச் சொல்வார்கள். விடை 303 கெல்வின், 30 பாகை. உண்மையைவிட 15 பாகை கூடுதல். நீங்கள் தவறு செய்ததாக நினைத்துத் திரும்பத் திரும்பப் போட வேண்டாம், மாதிரிதான் கரடுமுரடானது. உண்மையான வளிமண்டலம் அகச்சிவப்புக் கதிரில் ஒரு பங்கைத் தடுக்காமல் விடுகிறது, வெப்பக் காற்று மேலெழுந்தும் தரையைக் குளிர்விக்கிறது.

கரியமில வாயு கூடினால் வெளியேறாமல் தங்கும் ஆற்றல் எவ்வளவு என்பதற்கு ஒரு எளிய சூத்திரம் வரும். புதிய செறிவைப் பழைய செறிவால் வகுத்து, இயல் மடக்கை (ln) எடுத்து, 5.35-ஆல் பெருக்குங்கள். தொழிற்புரட்சிக்கு முன் 280 பி.பி.எம். (காற்றின் பத்து இலட்சம் மூலக்கூறில் இத்தனை), இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. 420-க்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 2.17 வாட். 0.94 வந்ததா? பத்தடி மடக்கைப் (log) பொத்தானை அழுத்திவிட்டீர்கள். செறிவு இருமடங்கானால் 3.7 வாட் வர வேண்டும். 2021-இல் வந்த ஐ.பி.சி.சி. (காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழு) ஆறாம் மதிப்பீட்டின்படி அந்த இருமடங்குக்கு நீண்டகால வெப்ப உயர்வு பெரும்பாலும் 2.5-இலிருந்து 4 பாகைக்குள். சிறந்த மதிப்பு 3.

சிகாகோ பாடத்தோடு வரும் மோட்ரான் என்ற இணையக் கருவியில் இதையே சோதிக்கலாம். வெப்பமண்டல வளிமண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள், நமக்குப் பொருந்தும். மேல்நோக்கிச் செல்லும் கதிர்வீச்சின் எண்ணை எழுதிக்கொண்டு, கரியமில வாயுவை இருமடங்காக்கி, பழைய எண் திரும்ப வரும்வரை தரை வெப்பநிலையைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். பிறகு நீராவி அமைப்பில் ஒப்பு ஈரப்பதம் மாறாது என்ற தேர்வை அழுத்தி மறுபடியும் செய்யுங்கள். இந்த முறை வெப்பநிலையை இன்னும் கூடுதலாக உயர்த்த வேண்டியிருக்கும், ஏனென்றால் சூடான காற்று கூடுதல் நீராவியைத் தாங்குகிறது, நீராவியும் வெப்பத்தைப் பிடிக்கிறது. பின்னூட்டம் என்ற சொல்லைப் பத்துப் பக்கம் படிப்பதைவிட இந்தப் பத்து நிமிடம் மேல்.

தரவுக் கோப்பில் வரும் தொல்லை

ஹவாயின் மவுனா லோவாவில் சார்லஸ் கீலிங் 1958-இல் தொடங்கிய கரியமில வாயு அளவீட்டை வரைபடமாக்கச் சொல்லாத பாடம் அபூர்வம். கோப்பை இறக்கி எக்செலில் திறந்ததும் நம் ஊரில் ஒரு தனித் தொல்லை வரும். கணினி பிரெஞ்சு அமைப்பில் இருந்தால் அது பதின்மத்துக்குக் காற்புள்ளியைத்தான் எதிர்பார்க்கும். 315.70 என்பதை எண்ணாக ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும், சிலவற்றைத் தேதியாகவே மாற்றிவிடும். வரைபடம் தட்டையாகவோ தாறுமாறாகவோ வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். இருமுறை தட்டித் திறக்காமல், தரவை இறக்குமதி செய்யும் வழியில் போய், பதின்மக் குறி புள்ளி என்று சொல்லித் திறங்கள். கோப்பின் தலையில் இருக்கும் விளக்க வரிகளை நீக்குங்கள். −99.99 போன்ற எண் கண்ணில் பட்டால் அது அளவீடு அல்ல, அந்த மாதம் அளவில்லை என்பதன் அடையாளம். அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

வெப்பநிலைக் கோப்புகளில் அடிப்படைக் காலத்தை, அதாவது எந்த ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிடுகிறார்கள் என்பதைப் பாருங்கள். 2024-ஆம் ஆண்டை நாசா 1.28 பாகை கூடுதல் என்கிறது, உலக வானிலை அமைப்பு ஏறக்குறைய 1.55 என்கிறது. இரண்டும் சரி. நாசா ஒப்பிடுவது 1951–1980 சராசரியோடு, மற்றது 1850–1900-ஓடு. இரண்டு கோப்புகளை ஒரே வரைபடத்தில் போடுமுன் இரண்டையும் ஒரே காலத்துக்கு மாற்றாவிட்டால் மதிப்பெண் போகும், பொருளும் தவறும்.

கார்பனா, கரியமில வாயுவா என்பதும் இப்படித்தான். ஒரு டன் கார்பன் 3.67 டன் கரியமில வாயுவாகிறது. வளிமண்டலத்தில் 1 பி.பி.எம். என்பது 2.13 பில்லியன் டன் கார்பன். புதைபடிவ எரிபொருளிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 10 பில்லியன் டன் கார்பன் வெளியேறுகிறது, வகுத்தால் 4.7 பி.பி.எம். ஏற வேண்டும். ஏறுவது ஏறக்குறைய பாதிதான். மீதியைக் கடலும் காடும் விழுங்குகின்றன.

இங்கே பில்லியன் என்பது ஆங்கிலப் பில்லியன், நூறு கோடி. பிரெஞ்சு நாளிதழில் அதற்கு மில்லியார் என்று போட்டிருக்கும். பிரெஞ்சில் பில்லியன் என்றால் இலட்சம் கோடி. ஆங்கிலத்தில் பாடம் கேட்டு, பிரெஞ்சில் செய்தி படித்து, கிரியோலில் பேசி, தமிழில் யோசிக்கும் நமக்கு ஆயிரம் மடங்குப் பிழை இப்படித்தான் நுழைகிறது. ஒரு சொற்குறிப்பேடு வையுங்கள்: ஆங்கிலச் சொல், பிரெஞ்சுச் சொல், தமிழில் உங்கள் சொந்த வாக்கியத்தில் விளக்கம். வானிலையும் காலநிலையும் தமிழில் தெளிவாகப் பிரிந்திருப்பது நமக்கு நல்ல வசதி.

திருப்பிப் பார்க்க வேண்டியவை

பாடத்தில் ஜூலை கோடை, நமக்குக் குளிர்காலம். பாடத்தின் படத்தில் புயல் கடிகாரத்துக்கு எதிராகச் சுழலும். நம் சூறாவளி கடிகாரத் திசையில் சுழலும். கீலிங் வளைகோட்டில் மே மாதம் உச்சம் தொட்டுச் செப்டம்பர் வாக்கில் இறங்கும் அலை வடக்குக் காடுகளின் மூச்சு. தெற்கே நிலம் குறைவு என்பதால் இந்தியப் பெருங்கடலின் ஆம்ஸ்டர்டாம் தீவு நிலையத்தில் அந்த அலை மிகச் சிறியது. இரண்டு நிலையங்களையும் அடுத்தடுத்து வரைந்து பாருங்கள், ஏன் என்று தானே விளங்கும். பசிபிக் கடல்நீர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சூடாகும் எல் நினோவைப் பற்றி நிறையச் சொல்வார்கள். நம் கடலின் மேற்கும் கிழக்கும் மாறி மாறிச் சூடாகும் இந்தியப் பெருங்கடல் இருமுனையைப் பற்றி ஒரு பத்தி இருந்தால் அதிர்ஷ்டம். அதை நீங்களே தேடிப் படியுங்கள்.

இறுதிக் கட்டுரைக்கு உங்கள் பகுதியின் தரவை எடுக்கச் சொன்னால் போர்ட் லூயிஸ் கடல்மட்டத்தை எடுங்கள். பல நாட்டுக் கடல்மட்டத் தரவைச் சேகரிக்கும் நிலையான சராசரிக் கடல்மட்டச் சேவையின் (PSMSL) தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எண்கள் 7,000-ஐ ஒட்டி இருப்பதைக் கண்டு மிரள வேண்டாம். அவை மில்லிமீட்டர், எதிர்ம எண் வராதபடி வேண்டுமென்றே தாழ்வான ஓர் அடிமட்டத்திலிருந்து எண்ணப்பட்டவை. −99999 என்றால் அந்த மாதம் தரவில்லை. போர்ட் லூயிஸுக்கு இடைவெளியோடு இரண்டு தொடர்கள் உண்டு, அவற்றை ஒட்டவைத்து ஒரே கோடு போடாதீர்கள். புதிய தொடரை எடுத்து, மாதங்களை ஆண்டுச் சராசரியாக்கி, சாய்வைக் கணக்கிடுங்கள். இருபது ஆண்டுக்குக் குறைந்த துண்டை எடுத்தால் எல் நினோ போன்ற ஏற்ற இறக்கமே சாய்வைத் தீர்மானித்துவிடும். வரும் விடையை 2006–2018 காலத்தின் உலகச் சராசரியான ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டரோடு ஒப்பிட்டு எழுதும்போது ஒரு வரி சேருங்கள்: துறைமுகத்தில் பதித்த அளவி தரையை வைத்தே கடலை அளக்கிறது, தரை அசைந்தால் அதுவும் அந்த எண்ணுக்குள் இருக்கும்.