மழைநீர் இறங்கும் தளம்: பயிற்சியிலேயே தொடங்கும் தவறுகள்

பட்டர்வொர்த் பக்கம் ஓர் அடுக்குமாடி வளாகத்தின் கார் நிறுத்துமிடம். மழைநீர் நேரே கீழே இறங்கட்டும் என்று நீர் புகும் கான்கிரீட் போட்டோம். கலவை இறக்கிய அன்று ஆபிசுக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பினேன். அதற்குள் கொத்தனார் அண்ணன் ஒரு மூலையைக் கரண்டியால் தேய்த்து, சிமெண்டுப் பால் மேலேறிப் பளபளக்கும்படி செய்திருந்தார். "சொரசொரன்னு விட்டா முதலாளி திட்டுவாரு தம்பி" என்றார். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். பக்கத்துத் தரை மடமடவென்று குடித்தது. அவர் தேய்த்த இடத்தில் தண்ணீர் அப்படியே நின்றது. அவர் முகம் வாடிப்போனது.

அந்தத் திட்டத்துக்காகப் பயிற்சி நடக்கத்தான் செய்தது. குளிரூட்டிய அறையில் பொறியாளர்களும் கட்டடக் கலைஞர்களும் உட்கார்ந்து கேட்டார்கள். கரண்டி பிடிப்பவரை யாரும் கூப்பிடவில்லை. முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். இந்தக் கான்கிரீட்டில் மணல் அநேகமாக இருக்காது; 15 முதல் 25 விழுக்காடு வெற்றிடம்தான் அதன் உயிர். தேய்த்தால் அது மூடிக்கொள்ளும். தண்ணீர் கூடினால் சிமெண்டுக் கூழ் வழிந்து அடியில் போய் அடைக்கும், குறைந்தால் கல் உதிரும். போட்டவுடன் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி ஏழு நாளாவது காக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் ஈரம் பறப்பதற்கு அதிக நேரம் ஆகாது. இதையெல்லாம் கொத்தனாருக்கும் மண்டோருக்கும் (வேலையாட்களை மேய்க்கும் மேஸ்திரி) ரோலர் ஓட்டுபவருக்கும் அவரவர் மொழியில், வாளியும் கையுமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ரோலர் என்றதும் நினைவுக்கு வருகிறது. சாதாரணச் சாலைக்கு அடிமண்ணை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு நல்லது. இங்கே அதே பழக்கத்தில் ரோலரை ஏற்றி இறக்கினால் மண் நீரைக் குடிக்காது. கான்கிரீட்டுக்கு அடியில் போடும் கல் படுகையிலும் இதே கதை. லாரி வழக்கம்போல் கிரஷர் ரன், அதாவது தூளும் கல்லும் கலந்த உடைகல், கொண்டுவந்து கொட்டும். அதிலுள்ள தூள் கல்லுக்கு இடையிலான இடத்தை நிரப்பிவிடும். நமக்கு வேண்டியது ஒரே அளவில் சலித்துக் கழுவிய கல். அதில் ஏறக்குறைய 40 விழுக்காடு வெற்றிடம் கிடைக்கும். 300 மி.மீ. கனமுள்ள படுகையில் 120 மி.மீ. மழை தங்கும். மலேசியக் கணக்கில் மணிக்கு 60 மி.மீ.க்கு மேல் பெய்வது மிகக் கனமழை. அப்படியானால் தாராளமாகப் போதும் என்று தோன்றும். ஆனால் பக்கத்துக் கூரைத் தண்ணீரையும் அதே தளத்துக்குத் திருப்பிவிட்டு, கூரையும் தளமும் ஒரே பரப்பாக இருந்தால் தாங்கும் மழை 60 மி.மீ. ஆகிவிடும். கூரைக் குழாய் எங்கே போய் விழுகிறது என்று கேட்காமலே கணக்குப் போடுபவர்களை வகுப்பில் அடிக்கடி பார்க்கிறேன்.

அடுத்தது, வெளிநாட்டுக் கையேட்டை அப்படியே எடுத்து வைப்பது. நமக்கென்று வடிகால் நீர்ப்பாசனத் துறையின் மழைநீர் மேலாண்மைக் கையேடு இருக்கிறது. 2000-இல் வந்தது, 2012-இல் திருத்திய பதிப்பு. பயிற்சியில் அதைத் திறந்து வைத்துத்தான் பாடம் நடத்த வேண்டும். மண்ணும் இடத்துக்கு இடம் மாறும். பினாங்கு பெருநிலக் கரையோரம் மென்மையான கடல் களிமண்; அங்கே நீர் தானாக இறங்கும் என்று நம்பாமல் படுகையின் அடியில் வடிகுழாய் வைக்க வேண்டும். கோலாலம்பூரில் பல இடங்களில் அடியில் சுண்ணாம்புப் பாறை. ஒரே இடத்தில் நீரைக் கூட்டி இறக்கினால் பள்ளம் விழும் ஆபத்து உண்டு. மண் சோதனை அறிக்கையைப் படிக்கத் தெரியாதவருக்கு வரைபடம் போடச் சொல்லித் தருவது அவசரப்படுவதாகும்.

நேரில் காட்டாமல் விடுவதும் தவறு. நிபோங் திபாலில் யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகத்தில் 2003-இலிருந்து உயிர்ச்சூழல் வடிகால் அமைப்பு இருக்கிறது. புல் போர்த்திய ஓடைக்குக் கீழே நீர் வடிந்து போவதை அங்கே பார்க்கலாம். லோங்காங் என்றால் சிமெண்டுக் கால்வாய் மட்டும்தான் என்று நினைத்து வந்தவர்கள் அந்தப் புல்வெளியில் நின்று வெகுநேரம் பேசுவார்கள்.

கடைசியாக, தளத்தை முடித்த பிறகு தோட்ட வேலைக்காரரை விடுவது. அவர் செம்மண்ணைத் தளத்தின்மேல் கொட்டி வைத்தால் அன்றைக்கே பாதி உயிர் போய்விடும். தோட்டம் முடிந்து, புல் பிடித்த பிறகுதான் தளம். அங்சானா மரத்தடியில் என்றால் பூ உதிரும் காலத்தில் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உயரழுத்தத் தண்ணீர் பீய்ச்சினால் மண் இன்னும் உள்ளே போகும் என்பதால் உறிஞ்சும் இயந்திரம்தான் சரி. ஆகவே துப்புரவு மேற்பார்வையாளருக்கும் வகுப்பில் ஒரு நாற்காலி போடுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் நாங்கள் இப்போது ஏஎஸ்டிஎம் சி1701 என்ற, தளத்தில் நீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்கும் சோதனையைச் செய்கிறோம். 30 செ.மீ. விட்டமுள்ள வளையத்தைத் தரையில் ஒட்டி, முதலில் 3.6 கிலோ தண்ணீர் ஊற்றித் தளத்தை நனைப்போம். அது அரை நிமிடத்துக்குள் இறங்கினால் 18 கிலோ ஊற்றி நேரம் எண்ணுவோம். இடத்தையும் நொடிகளையும் கோப்பில் எழுதி, சுவரில் பெயிண்டால் குறி வைப்போம். அடுத்த ஆண்டு அதே குறியில், அதே வளையம்.