மகரந்தமணிப் படத்தொகுப்பு: மட்டக்களப்பிலிருந்து ஒரு செய்முறை

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் தேனில் எந்தப் பூவின் மகரந்தம் கலந்திருக்கிறது என்று அறிய விரும்புபவருக்கும், வாவியோரச் சேற்றில் புதைந்த மகரந்தத்தைக் கொண்டு பழைய கண்டற்காட்டின் தடத்தைத் தேடுபவருக்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு படத்தொகுப்பு வேண்டும். சாதாரண நுணுக்குக்காட்டியும் கைபேசியும் இருந்தாலே தொடங்கலாம். படம் எடுப்பதைவிட, அது இன்ன தாவரத்தினுடையது என்பதை உறுதிசெய்து வைப்பதே கடினம்.

ஆகவே பூவைப் பறிக்கும்போதே அதே கொப்பில் இலையும் பூவும் சேர்ந்த துண்டொன்றை எடுத்துச் செய்தித்தாளிடையே அழுத்திக் காயவைத்து, அதற்கும் கண்ணாடி வழுக்கிக்கும் (நுணுக்குக்காட்டியில் மாதிரியை வைத்துப் பார்க்கும் கண்ணாடித் தகடு) படக்கோப்புக்கும் ஒரே இலக்கத்தை இடுங்கள். விரியப்போகும் மொட்டையே தெரிவுசெய்ய வேண்டும். விரிந்த பூவில் காற்றும் தேனீயும் கொண்டுவந்த அயல் மணிகள் ஒட்டியிருக்கும். கல்லடியில் பறித்த முருங்கைப் பூவை நான் முதலில் வைத்துப் பார்த்தபோது, மூன்று பிளவுள்ள உருண்டை மணிகளுக்கிடையே ஒற்றைப் பிளவுடன் தோணி போன்ற சில மணிகள் கிடந்தன. அவை பக்கத்துத் தென்னையினுடையவை என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் சென்றது.

மகரந்தக்கூட்டை வழுக்கியில் வைத்து ஊசியால் கிழித்து, ஒரு துளி மதுசாரம் விட்டால், மணிமேல் படிந்த எண்ணெய் கரைந்து வளையமாக ஒதுங்கும். அதைப் பஞ்சால் துடைத்தெடுங்கள். உலர்ந்தபின், ஃபுக்சின் சாயமிட்ட கிளிசரின் ஜெலியில் அரிசியளவு வைத்து, கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் உருக்கி, மெல்லிய மூடித்துண்டைச் சாய்வாக இறக்க வேண்டும். மாரிகால ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்காதிருக்க, விளிம்பை நகப்பூச்சால் அடைத்துவிடுங்கள்.

படங்களை 400 மடங்கு உருப்பெருக்கத்தில் எடுக்கலாம். 1 மில்லிமீற்றரை 100 கூறாகப் பிரித்த அளவுகோல் வழுக்கியை அதே அமைப்பில் ஒருமுறை படமெடுத்துக்கொண்டால், ஒரு கூறு 10 மைக்ரோமீற்றர் என்ற கணக்கில் மணியை அளக்கலாம். கைபேசியின் ஸூமை இடையில் தொட்டால் அந்தக் கணக்குப் பிழைத்துவிடும். மணியை மேலிருந்தும் பக்கவாட்டிலும் பார்த்து, ஒவ்வொரு நிலையிலும் குவியத்தைச் சிறிது சிறிதாக இறக்கிப் பல படங்கள் எடுக்க வேண்டும். செவ்வரத்தையின் முள்மணி 100 மைக்ரோமீற்றரைத் தாண்டுவதால், முள்நுனி தெளியும்போது விளிம்பு மங்கும். தொட்டாற்சுருங்கியிலோ நான்கு மணிகள் ஒட்டிய கொத்தே ஏறத்தாழ 10 மைக்ரோமீற்றர்தான்.

இனமொன்றுக்குக் குறைந்தது 20 மணிகளை அளந்து, சராசரியை மட்டும் எழுதாமல் சிறியதையும் பெரியதையும் குறியுங்கள். கிளிசரின் ஜெலியில் மணிகள் நாளடைவில் வீங்குவதால், வழுக்கி செய்த திகதியும் அளந்த திகதியும் தனித்தனியே இருக்க வேண்டும். வயற்புற்களின் மணிகளோ பெரும்பாலும் ஒற்றைத் துளையுள்ள வழவழப்பான உருண்டைகளே. சேற்றிலோ தேனிலோ அப்படியொன்றைக் கண்டால் ‘புல்’ என்று எழுதி அத்துடன் நிறுத்திக்கொள்வேன்.