காப்பகத்துக்கு வருபவரை வரவேற்கும் முறை

வீடற்றோர் காப்பகத்தின் வாசலில் வந்து நிற்பவர் ஆட்கடத்தலிலிருந்து, அதாவது மிரட்டியோ ஏமாற்றியோ கொண்டுபோய்ச் சுரண்டும் பிடியிலிருந்து, தப்பியவராகவும் இருக்கலாம் என்ற எண்ணத்துடனேயே பதிவு மேசையில் இருப்பவர் பேசத் தொடங்க வேண்டும். முதலில் உணவு, குளியல், மாற்றுடை, உறங்க இடம், விசாரணை பிறகு. கூடவே வந்து எல்லாக் கேள்விகளுக்கும் தாமே பதில் சொல்பவரை வெளியே அமரவைத்துவிட்டு, வந்தவரிடம் தனியாகப் பேசுங்கள். மொழி புரியாவிட்டால், அந்தத் துணையாளரை மொழிபெயர்க்க விடாமல் வேறொருவரை ஏற்பாடு செய்யுங்கள். “அடையாள ஆவணங்கள் உங்களிடம்தான் இருக்கின்றனவா? வேலையை விட்டுப் போக நினைத்தால் என்ன ஆகும்?” என்னும் இரு கேள்விகளே பல செய்திகளை வெளிக்கொணரும். சம்மதித்துத்தானே போனார் என்று எவரேனும் முணுமுணுத்தால், மிரட்டலோ ஏமாற்றோ இருந்த இடத்தில் அந்தச் சம்மதம் பொருட்படுத்தப்படாது என ஆட்கடத்தலைத் தடுப்பதற்கான 2000-ஆம் ஆண்டின் ஐ.நா. நெறிமுறை கூறுவதை நினைவூட்டுங்கள். கைப்பேசி இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கிறதா என்பதை அவருடைய அனுமதியுடன் அன்றே பாருங்கள். காவல்துறை, மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோரிடம் அனுப்புவது அவர் விருப்பப்படியே நடக்கட்டும். 18 வயது நிரம்பாதவர் என்றால் மட்டும் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்புக்கு உடனே தெரிவித்துவிட வேண்டும். வேறிடத்துக்கு அனுப்பும்போது, வந்தவரின் ஒப்புதலுடன் எழுதிய சுருக்கக் குறிப்பைச் சேர்த்தனுப்பினால், பட்ட கொடுமையை ஒவ்வொரு மேசையிலும் அவர் திரும்பச் சொல்ல நேராது. நன்கொடையாளருக்காகப் படம் எடுப்பதை, முகத்தை மறைத்தாலும், நான் ஏற்கமாட்டேன்.